மூன்று தொரைகளும் ஓர் ஆடும்

லிண்டா மிஸ் கரும்பலகையில் 'துறை' என்று எழுதினாள். ஐந்தாம் வகுப்பின் இருபத்து மூன்று பிள்ளைகளும் அதைத் 'தொரை' என்று வாசித்தார்கள். இரண்டு கிழமையாக இந்த விஷயம் அவளுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது.

எல்லாம் தேர்தலால் வந்தது. கலஹாவுக்கு மேலே, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் வருகிற சின்னப் பள்ளிக்கூடம் அது. தோட்டத்து ஆட்கள் வாக்குப் போட வேறு இடம் இல்லாததால் தேர்தல் அதிகாரிகள் இரண்டு நாளைக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். வாங்குகளை ஓரமாக அடுக்கி, அட்டையால் மறைப்புக் கட்டி, வரிசை போட்டு, பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து பார்த்தால், ஒரு மேசையில் ஊதா மை சிந்தியிருக்கிறது.

"நம்ம வகுப்புல வந்து குந்திக்கிட்டு எல்லாரும் என்னா மிஸ் செஞ்சாங்க?" என்று ஸாகி கேட்டான். கலஹா பஜாரில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவரின் மகன். வாய் ஓயாத பிள்ளை.

ஒரு வரியில் பதில் சொல்லி விட்டிருக்கலாம். லிண்டாவுக்கு அது வராது. வாக்குப் போட்டு ஆளைத் தெரிவுசெய்கிறார்கள் என்றாள். தெரிவானவர்கள் பாராளுமன்றத்தில் சட்டம் போடுகிறார்கள் என்றாள். அந்தச் சட்டத்தை நடத்திக்காட்டுகிறவர்கள் வேறே, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் வேறே என்றாள். அப்புறம் கரும்பலகைக்குத் திரும்பி, சட்டவாக்கத்துறை, நிறைவேற்றுத்துறை, நீதித்துறை என்று மூன்றையும் கட்டம் போட்டு எழுதினாள். "ஆக, அரசாங்கத்துக்கு எத்தனை துறை?"

"மூணு தொரை, மிஸ்!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. லிண்டாவுக்கு ஒரே சந்தோஷம்.

அவள் கண்டி மஹய்யாவைக்காரி. அப்பா யாகப்பர் நகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தவர். கண்டியில் எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அம்மா பெற்றீசியா விடியக் காலையில் இடியாப்பம் அவித்து மூன்று கடைகளுக்குப் போடுகிறவள். அந்தச் சந்தில் பட்டம் முடித்த முதல் ஆள் லிண்டாதான். அதுவும் வெளிவாரிப் பட்டம். எட்டு வருஷம் இழுத்தது. பேராதனையில் இறங்கி கலஹா பஸ் ஏறினால் பல்கலைக்கழகத்துக்கு நடுவாலேதான் ரோடு போகும். அந்த மரங்களுக்குக் கீழே உட்கார்ந்து அவள் ஒருநாளும் படித்ததில்லை, பரீட்சை எழுத மட்டும் உள்ளே போய் வந்தவள். ஆனாலும் தினமும் அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொள்வாள், தெரிந்தவர் வீட்டைக் கடந்து போகிறவள் மாதிரி.

பட்டமளிப்பு விழாப் படத்தை யாகப்பர் சுவரில் மாட்டியபோது, மாதா படத்துக்கு எவ்வளவு கீழே மாட்டுவது என்று புருஷன் பெண்சாதிக்குள் அரை மணித்தியாலம் சண்டை நடந்தது. கடைசியில் ஒரு சாண் என்று முடிவானது. யாகப்பர் தன் கையால் அளந்தார். பெற்றீசியா தன் கையால் இன்னொருமுறை அளந்தாள்.

லிண்டாவிடம் ஒரு பழக்கம். யார் சின்ன உதவி செய்தாலும் அதை மறக்கமாட்டாள், மற்றவர்களையும் மறக்க விடமாட்டாள். மழைநாளில் அவளுக்காக இரண்டு நிமிஷம் பஸ்ஸைப் பிடித்து வைக்கும் டிரைவருக்கு நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு டின் நிறையக் கொக்கிஸ் பலகாரம் போகும். முதல் வருஷம், அட்டை கடித்த காலோடு வகுப்புக்கு வந்தவளுக்குச் சவர்க்காரத் துண்டு எடுத்து வந்து தேய்க்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளையை எங்கே கண்டாலும், "என் கால் டொக்டர் வர்றா" என்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு வருஷத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. லிண்டா ஏழு வருஷம் இருந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "இவ்வளவு பேருக்கு நன்றி சொல்லிட்டுப் போறதுக்கே இன்னும் ஏழு வருஷம் வேணும்" என்பாள்.

ஆனால் இந்த ஏழு வருஷமும் அவள் 'உதவி ஆசிரியை'தான். பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழ் இருக்கிறது, பட்டம் இருக்கிறது. வகுப்பறை மதிப்பீடு ஒன்று மட்டும் பாக்கி. ஓர் ஆசிரிய ஆலோசகர் வந்து, பின்வாங்கில் உட்கார்ந்து, ஒரு பாடத்தை முழுதாகப் பார்த்து, 'நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதவேண்டும். முதல்முறை குறித்த நாளில் மண்சரிந்து ரோடு மூடிக்கொண்டது. இரண்டாம்முறை வரவேண்டியவருக்கு மாற்றம் வந்துவிட்டது. மூன்றாவது நாள் இந்த வெள்ளிக்கிழமை. இதுவும் தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் நிரந்தரமாக்கும் சுற்றறிக்கையே மாறிவிடும் என்று ஒரு கதையும் அடிபட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை அவள் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாள் கொடுத்தாள். "அரசாங்கத்தோட மூணு துறையையும் வரையுங்க. நல்லா வர்றதைச் சுவர்ல ஒட்டுவோம். வெள்ளிக்கிழமை ஒரு மேடம் பாக்க வர்றாங்க."

பாராளுமன்றக் கட்டடம் வரும், ஒரு பொலிஸ்காரர் வருவார், தராசு ஒன்று வரும் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள்கள் வந்தன.

முதல் தாளில் மூன்று ஆட்கள். மூவருக்கும் தொப்பி, அரைக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை. இரண்டாவது தாளிலும் மூன்று ஆட்கள், ஆளுக்கொரு ஜீப். மூன்றாவதில் அந்த மூவரோடு மூன்று பங்களா, மூன்று நாய். நாய்களை மட்டும் ரொம்ப அக்கறையாக வரைந்திருந்தது. ஒரு தாளுக்குக் கீழே உருண்டையான எழுத்தில், 'சட்டம் போடும் துரை. வேலை வாங்கும் துரை. தீர்ப்புச் சொல்லும் துரை' என்று இருந்தது.

லிண்டா ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். இருபத்து மூன்று தாளிலும் சேர்த்து அறுபத்தொன்பது துரைமார்.

"மிஸ் ஏன் சிரிக்கிறீங்க?" என்று முன்வாங்கிலிருந்து ஒரு குரல்.

அவள் சிரிக்கவும் செய்தாள், கொஞ்சம் அழுகையும் வந்தது. பட்டணத்தில் பிறந்தவளுக்குத் துறை என்றால் துறை. இந்தப் பிள்ளைகளுக்கோ தொரை என்பது தினமும் காலையில் கண்ணால் பார்க்கிற ஆள். தோட்டத்தை நடத்துபவர், ஆட்கள் விடியக் காலையில் கூடும் பிரட்டில் நின்று வேலை பிரித்துக் கொடுப்பவர், ஜீப்பில் வந்தால் ரோட்டோரம் ஒதுங்கவைப்பவர். இரண்டு கிழமையாக அவள் அரசாங்கத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் மூன்று தோட்டத் துரைமாரின் கதையாகவே அவர்கள் தலைக்குள் ஓடியிருக்கிறது.

றகரம் ரகரத்தைப் பலகையில் எழுதி விளக்கலாம் என்று வெண்கட்டியை எடுத்தாள். அப்போது தர்ஷிகா எழுந்து நின்றாள். கொழுந்து எடுக்கும் கமலத்தின் மகள். எதையும் இரண்டுமுறை யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். அரசாங்கத்துல எதுக்கு மூணு தொரை? நம்ம தோட்டத்துல ஒரே தொரைதானே மூணு வேலையும் பாக்குறாரு?"

"எப்படிச் சொல்ற?"

"எங்க ஆட்டைப் புடிச்சாங்கல்ல மிஸ். ஆடு தேயிலைக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டது தொரை. புடிச்சுக் கட்டச் சொன்னதும் தொரை. எங்க ஆடு தேயிலைக்குள்ள போகல, ரோட்டுலதான் நின்னுச்சுன்னு அம்மா போய்ச் சொன்னுச்சு. அதைக் கேட்டுட்டு இல்லேன்னு சொன்னதும் அதே தொரைதான்."

லிண்டா வெண்கட்டியைக் கீழே வைத்தாள். எட்டு வருஷம் படித்த பட்டத்தில் அதிகாரப் பிரிவினை பற்றி எத்தனை பக்கம் எழுதியிருப்பாள்! அவ்வளவையும் இந்தப் பிள்ளை ஓர் ஆட்டை வைத்துச் சொல்லிவிட்டது.

"உக்காரு தர்ஷிகா," என்றாள். "ரொம்ப நன்றிம்மா." பிள்ளைக்கு எதற்கு நன்றி என்று விளங்கவில்லை. உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளையில் அதிபர் லாபிர் சேர் வகுப்புக்கு வந்தார். கலஹாக்காரர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது, எதுவும் குழப்பமில்லாமல் போனால் போதும் என்று இருப்பவர். சுவரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யா அல்லாஹ்! என்னா மகள் இது? தோட்டத்து வரலாறா?"

"அரசாங்கத்தோட மூணு துறை, சேர்."

"இதுவா துறை? இவருக்கு நாய் வேற இருக்கே!" சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நல்லா இருக்கு. நான் வாணாம்ன்னு சொல்லல்ல. ஆனா வெள்ளிக்கிழமை இதெல்லாம் சுவர்ல வாணாம். வாறவங்க யாழ்ப்பாணத்து மேடம், எழுத்துப்பிழை கண்டா உட மாட்டாங்களாம். பின்னத்துல ஒரு பாடம் எடுங்க. அரைவாசி, கால்வாசி. பாண் ஒண்டு வெட்டிக் காட்டினா முடிஞ்சி. ஏழு வருஷம் மகள். ஒரு பாடத்துல போட்டு ஒடைச்சிராதீங்க."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் லிண்டாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று பஸ்ஸில் கண்டிவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பின்னப் பாடம் கைவசம் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. கேட்டால் டக்கு டக்கென்று சொல்லுவார்கள். ஆனால் தர்ஷிகா கேட்ட கேள்வி பதில் இல்லாமல் நிற்கும். வெள்ளிக்குப் பிறகு சொல்லிக்கொடுக்கலாமே என்றால், கேள்வி கேட்ட சூட்டோடு பதில் கிடைக்காவிட்டால் பிள்ளை அடுத்தமுறை எழுந்து நிற்காது. இதுவும் ஏழு வருஷத்தில் அவள் கண்டதுதான்.

வியாழக்கிழமை காலை லாபிர் சேரிடம் போனாள். "சேர், நாளைக்கு பின்னம் இல்ல. மணியை மட்டும் ஒரு பாடத்துக்குத் தருவீங்களா?"

"எந்த மணி?"

"இஸ்கூல் மணி."

அவர் சாவிக்கொத்தைத் தேடி எடுத்தார். அப்புறம் அலுமாரியைத் திறந்து, பிடிபோட்ட பித்தளை மணியை எடுத்து மேசையில் வைத்தார். "எடுங்க," என்றார். "ஒங்க கையெழுத்து, ஒங்க தலையெழுத்து." பிறகு, லிண்டா கதவருகே போனதும், "பின்வாங்குல கால் ஆடுது. மேடம் வாற முந்தி நான் ஆணி அடிச்சி வெக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று வகுப்பில் ஒரு தேர்தல் நடந்தது. பிஸ்கட் டின்தான் பெட்டி. ஒன்பது பேர் தெரிவானார்கள். அவர்கள் சட்டம் போடுகிறவர்கள். ஒரு கொப்பி அவர்கள் கையில். ஐந்து பேர் நிறைவேற்றுகிறவர்கள். துள்ளி விளையாடுகிற கயிறு அவர்கள் கையில். மூன்று பேர் தீர்ப்புச் சொல்கிறவர்கள். மணி அவர்கள் கையில். கொப்பியில் இல்லாததற்குக் கயிற்றை எடுக்கக் கூடாது. கயிற்றால் கட்டியதை மணி அடிக்காமல் அவிழ்க்கவோ வைத்திருக்கவோ கூடாது. மணிக்காரர்கள் கொப்பியில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. மிச்சம் ஐந்து பேர் சும்மா மக்கள். ஒருவன் ஆடு. ஆடாக ஸாகி தானாகவே முன்வந்தான்.

பெயர் விஷயத்தில் லிண்டா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். றகரம் ரகரத்தைச் சொல்லிக்கொடுத்தாள், எல்லாரும் பத்துத்தரம் எழுதினார்கள். ஆனால் விளையாட்டில் அவர்கள் வைத்த பெயரை அவள் மாற்றவில்லை. கொப்பித் தொரை, கயித்துத் தொரை, மணித் தொரை.

"இதுல பெரிய தொரை யாரு, மிஸ்?" இதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். தோட்டத்தில் பெரிய தொரை உண்டு, சின்னத் தொரை உண்டு. மூன்று பேர் இருந்தால் அதில் ஒருவர் பெரியவராக இருந்தே ஆகவேண்டும்.

"நாளைக்கு விளையாடிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு சிவகௌரி மேடம் வந்தார். ஒல்லியான உருவம், பருத்திச் சேலை, கையில் பச்சை நிறக் கோப்பு. மலை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பின்வாங்கில் உட்காருமுன் சுவரைப் பார்த்தார். அறுபத்தொன்பது துரைமாரும் அங்கேயே இருந்தார்கள்.

"இது என்ன, பிள்ளை?"

லிண்டா நடந்ததைச் சொன்னாள். மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எனக்குத் துறையெண்டால் கடல்தான்," என்றார். "நான் பருத்தித்துறை."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஸாகி கையை உயர்த்தினான். "பருத்தித் தொரையா மேடம்? அவரு எந்தத் தோட்டம்?"

வகுப்பு முழுக்க மேடத்தின் பதிலுக்குக் காத்திருந்தது. மேடம் கோப்பைத் திறந்து என்னவோ எழுதினார்.

விளையாட்டு தொடங்கியது. கொப்பித் தொரைமார் ஒன்பது பேரும் கூடி, 'ஆடு தேயிலைக்குள் வரக் கூடாது' என்று சட்டம் எழுதி, கை உயர்த்தி நிறைவேற்றினார்கள். இரண்டு வாங்குகளுக்கு இடையில் இருந்தது தேயிலை, அதற்கு வெளியே வெண்கட்டியால் கீறியது ரோடு. ஸாகி நாலு காலில் தவழ்ந்து வந்தான். கத்தினான். மக்களில் ஒருத்தியின் சித்திரக் கொப்பியில் ஒரு மூலையை உண்மையாகவே கடித்தான். கயித்துத் தொரைமார் பாய்ந்து பிடித்தார்கள். அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கரும்பலகைக் காலில் முடிந்தார்கள்.

மணித் தொரைமாரில் நடுவில் உட்கார்ந்திருந்தது தர்ஷிகா. மணியை ஒருமுறை அடித்தாள்.

"ஆடு எங்க நின்னுச்சு?"

"தேயிலைக்குள்ள!" என்றார்கள் கயித்துக்காரர்கள்.

"யாரு பாத்தது?"

"நாங்கதான்!"

"புடிச்சதும் நீங்க, பாத்ததும் நீங்களா? வேற யாரு பாத்தீங்க?"

மக்களில் ஒருத்தி எழுந்தாள். "முன்னங்கால் ரோட்டுல. பின்னங்கால் தேயிலைல."

"வாலு?" என்றான் இன்னொருவன்.

"பேசக்கூடாது! ஆட்டுக்குப் பேச்சு கிடையாது!" ஸாகி வாயைத் திறந்ததற்குத் தர்ஷிகா போட்ட அதட்டல் அது.

மூன்று நீதவான்களும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். கொப்பியைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். மறுபடி குசுகுசுத்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பாடத்திட்டத்தில் பதினைந்து நிமிஷம் என்று எழுதியதற்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. இன்னும் தொகுத்துச் சொல்லவேண்டும், வினாத்தாள் கொடுக்கவேண்டும். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது லிண்டாவின் கண்ணில் பட்டது.

"சரி சரி, நேரமாச்சு," என்று லிண்டா முன்னால் வந்தாள். "ஆடு பாவம். அவிழ்த்து விட்டுடுங்க. நாம அடுத்ததுக்குப் போவோம்." கயிற்றின் முடிச்சில் கையும் வைத்துவிட்டாள்.

தர்ஷிகா மணியை அடித்தாள். ஒரே அடி.

"மிஸ், நீங்க எந்தத் தொரை?"

பிள்ளை அதைத் திமிராகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். லிண்டாவின் கையில் கொப்பியும் இல்லை, கயிறும் இல்லை, மணியும் இல்லை. அப்படியிருக்க எதை வைத்துக்கொண்டு ஆட்டை அவிழ்க்கிறாள்?

பின்வாங்கில் பேனா நின்றுபோனது லிண்டாவுக்குக் கேட்டது. ஒரு பார்வை பார்த்தால் போதும், பிள்ளை உட்கார்ந்துவிடும். அந்தப் பார்வை எந்த ஆசிரியருக்கும் தெரியும். இந்த வகுப்பில் தான் யார் என்பதை மேடத்துக்குக் காட்டவும் அது உதவும்.

அவள் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் எந்தத் துறையும் இல்ல. பிழைதான். மன்னிச்சுக்குங்க." மக்கள் வாங்கில் ஓர் இடம் இருந்தது. அந்தச் சின்ன வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட, போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

மணித் தொரைமார் தீர்ப்புச் சொன்னார்கள். கொப்பியில் 'தேயிலைக்குள்' என்றுதான் இருக்கிறது. பாதி ஆடு உள்ளே இருந்தால் என்ன செய்வது என்று எழுதியில்லை. ஆகவே ஆடு விடுதலை. ஸாகி துள்ளிக் குதித்தான். கயித்துக்காரர்கள் கொதித்துப்போய் கொப்பிக்காரர்களிடம் ஓடினார்கள். "சட்டத்தை ஒழுங்கா எழுதுங்கடா! நாங்க ஓடி ஓடிப் புடிக்கிறது, அவங்க விட்டுர்றதா?"

"மணிக்காரங்களே எழுதித் தந்தா என்னா?" என்றான் கயித்துக்காரன் ஒருவன்.

"ஏலாது. கொப்பி அவங்ககிட்ட இல்லியே," என்றாள் கொப்பிக்காரி ஒருத்தி.

கொப்பிக்காரர்கள் மறுபடி கூடினார்கள். ஒரு கால் வைத்தாலும் குற்றம் என்று எழுதலாம் என்றான் ஒருவன். அப்படியானால் பாதையில் போகிற ஆடு திரும்பிப் பார்த்தாலே குற்றம் ஆகிவிடும் என்றாள் இன்னொருத்தி. நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம், ஒருத்தி இரண்டு பக்கமும் கை உயர்த்தினாள். இழுபறி. மக்கள் வாங்கிலிருந்து ஒருவன் தீர்வு சொன்னான்: "பின்னால மேடம் இருக்காங்க. அவங்களையும் ஒரு ஓட்டுப் போடச் சொல்லுவோம்."

தர்ஷிகா திரும்பிச் சிவகௌரி மேடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "மேடத்துக்கு ஓட்டு இல்ல. அவங்க நம்ம வகுப்பு இல்ல. மன்னிச்சுக்குங்க மேடம்."

"ஓம், அது சரிதான்," என்றார் மேடம். உள்ளே வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

கடைசியில் தேயிலைக்கும் பாதைக்கும் நடுவே கம்பி வேலி போடுவது என்று எட்டுக்கு ஒன்றாக முடிவானது. வேலி போடுவது யார்? கயித்துக்காரர்கள். வேலியைத் தாண்டினால்தான் குற்றம் என்று மணிக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கரும்பலகையில் இதையெல்லாம் யாரும் எழுதவில்லை. அப்போதுதான் கொப்பிக்காரி ஒருத்தி, யாரும் கேட்காமலே, சத்தமாகச் சொன்னாள்: "மிஸ், இதுல பெரிய தொரையே இல்ல மிஸ்! ஒருத்தர் கையில எல்லாம் இருந்தா வேலி வந்திருக்காது."

பாட முடிவு மணி அடிக்கவேண்டிய நேரம். மணி தர்ஷிகாவிடம் இருந்தது. லாபிர் சேர் கதவருகே வந்து நின்று, தன் மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வெளியே ஓடியதும் லிண்டா மேடத்தின் முன்னால் போய் நின்றாள். வினாத்தாள்கள் மேசையிலேயே கிடந்தன. தொகுப்புரை சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் பாதி நடக்கவில்லை. போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஏழு வருஷம் ஏழு வருஷம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை கேட்டபோது கையை எடுத்ததற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

"மணி அடிச்ச பிள்ளையின்ர பேர் என்ன?" என்று மேடம் கேட்டார்.

"தர்ஷிகா, மேடம். வீட்டுல ஒரு ஆட்டைப் புடிச்சுட்டாங்க. அதுல வந்த கேள்விதான் இது. நான் படிச்சுக் குடுத்ததில்ல. அவதான்..."

"நன்றியெல்லாம் பிறகு சொல்லுங்கோ. முதல் இதை வாசியுங்கோ." மேடம் கோப்பைத் திருப்பி வைத்தார்.

நேர முகாமை: திருப்தி இல்லை. பாடத்திட்டத்தைப் பின்பற்றல்: பகுதியளவில். எழுத்துத் திருத்தம்: சுவரிலுள்ள படங்களில் 'துரை' என்பதற்குப் பக்கத்தில் 'துறை' என்றும் எழுதி ஒட்டவும், படங்களைக் கழற்றவேண்டாம். அதற்குக் கீழே: 'மாணவி ஒருத்தி ஆசிரியையின் அதிகாரம் எதுவெனக் கேட்டதும் ஆசிரியை தன் பிழையை ஏற்று அமர்ந்தார். அதன்பின் அவர் பேசாதிருந்த பதினொரு நிமிடங்களிலும் நான் பார்க்க வந்த பாடம் நடந்தது. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.'

லிண்டா அந்தக் கடைசி வரியை மூன்றுமுறை வாசித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியதால் மூன்றாம்முறை எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"மேடம், உங்களுக்கு எப்படி நன்றி..."

"எனக்கு ஏன்? நான் கயித்துப் பக்கம். கொப்பியில இருக்கிறதைச் செய்யிறன்." மேடம் எழுந்தார். லாபிர் சேர் ஆணி அடித்த வாங்கு கிறீச்சிடவில்லை. கதவருகே நின்று, "அந்த நாய் மூண்டும் உள்ள படம், ஒரு பிரதி எடுத்துத் தருவீங்களோ?" என்று கேட்டார்.

லிண்டா வெளியே ஓடினாள். மைதானம் என்று சொல்கிற அந்தச் சரிவில் பிள்ளைகள் மாங்காய்க்குக் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். இருபத்து மூன்று பேரையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். எதற்கு என்று அவர்களுக்கு இந்தமுறையும் விளங்கவில்லை. ஸாகி மட்டும், "ஆட்டுக்கு ரெண்டு தரம் சொல்லணும் மிஸ், முழங்கால் தேஞ்சிருச்சு" என்றான். அவனுக்கு இரண்டுதரம் சொன்னாள்.

பின்னேரம் கலஹா பஸ்ஸில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழக மரங்கள் வருமுன்னே வீட்டுக்கு போன் எடுத்தாள்.

"அப்பா, கெடைச்சிருச்சு."

மறுபக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். அப்புறம், "நல்லாப் படிச்சுக் குடுத்தியாம்மா?"

"இல்லப்பா. வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"என்னா?"

"நெசமாப்பா. பதினோரு நிமிஷம். அதுக்குத்தான் குடுத்தாங்க."

யாகப்பர் போனை விட்டு முகத்தைத் திருப்பி உள்ளே கத்துவது கேட்டது. "ஏய் பெற்றீசியா! பதினோரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்தா அரசாங்கம் வேலைய நெரந்தரமாக்குதாம்! ஒனக்கு இந்தச் சென்மத்துல கெடைக்காது!"

"மொதல்ல நீங்க ஒரு நிமிஷம் இருந்து காட்டுங்க!" என்று அம்மா கத்தியது போனுக்கு வெளியேயும் கேட்டு, லிண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிமுகமில்லாத மனுசி கூடச் சிரித்துவிட்டாள்.